பேரு கேக்காத மேசை

வரிசை நிக்கட்டும் தம்பி, ஓடியா போயிடும்? ஆமா, என் கையில இருக்கறது பிளாஸ்டிக்தான். பொம்மைத் துப்பாக்கியை வாங்கிக்கிட்டுப் பிள்ளைங்களுக்குப் பந்து தர்ற மேசை அந்தாண்டன்னு தெரியும். எனக்குப் பந்து வேணாம். கையில துப்பாக்கின்னு ஏதாவது இருந்தாத்தானே பந்தலுக்குள்ளயே விடறீங்க?

அடேயப்பா, என்னமா கடை விரிச்சிருக்கீங்க! மாதா கோயில் வாசல்ல, ஜனம் காசுக்குக் குடுக்கற துப்பாக்கியை அறுக்கப் பட்டாளத்துக்காரன் ரம்பத்தோட உக்காந்திருக்கான், பக்கத்துல பாதர் தீர்த்தம் தெளிக்கறாரு. எனக்கு முன்னால போனாரே பெரியவரு, அவரு கொண்டாந்தது பூரா துரு. அதை வச்சு ஈயைக்கூட அடிக்க முடியாது. அதுக்குக் காசு, கைதட்டு, போட்டோ! எங்க தெருவுல நெஜமாச் சுடறவன் எவனாவது இந்த வரிசையில நிக்கறானா, சொல்லு பாப்போம்.

டிவியில ஒருத்தன் துப்பாக்கி இல்லாம வீட்டைக் காப்பாத்த முடியாதுங்கறான். இன்னொருத்தன் எல்லாரும் குடுத்துட்டா மெக்சிகோவே திருந்திடும்ங்கறான். ரெண்டு பேரும் எங்க இஸ்தபலாபா பேட்டையில ஒரு நாள் குடித்தனம் பண்ணிட்டுப் பேசட்டும்.

அதென்ன போர்டு? பேரு கேக்க மாட்டோம், எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்க மாட்டோம். ஆகா, பெரிய மனசு! சோளமாவுல அவிச்ச டமாலே விக்கற நான்கூட, வாங்க வர்றவங்கிட்ட பச்சைச் சட்னியா சிவப்புச் சட்னியான்னு ஒரு கேள்வி கேக்கறேன்.

கேட்டா ஜனம் பயந்துக்கிட்டு வராதா? சரிதான். அதான் போன சனிக்கிழமை ஒருத்தன் பயமில்லாம வந்தான். வெள்ளைப் பிடி போட்ட ரிவால்வர். ஞாபகம் இல்லையா? கோயில் சுவத்துல படம் ஒட்டியிருக்கே, பக்கத்துல நீதான் நிக்கற. பேரு கேக்க மாட்டீங்க, போட்டோ மட்டும் எடுப்பீங்க. நான் சொல்றேன் பேரை. ஹெனாரோ. என் தங்கச்சி நொயேமியோட புருஷன்.

அவ எங்கயா? கல்லறையில. திருடன் சுட்டுட்டான்னு அவளைத் தூக்கும்போது மாரடிச்சு அழுதான் அந்த நாய். அவ நெஞ்சுல இருந்து எடுத்த குண்டு அரசாங்க வக்கீல் ஆபீஸ்ல ஒரு கவருக்குள்ள கிடக்கு. துப்பாக்கியைக் கொண்டா, ரெண்டும் பொருந்துதான்னு பாக்கறோம்னாங்க. ஏழு மாசம் தம்பி, அவன் வீட்டுல துணி துவைக்கற சாக்குல தேடினேன். நீங்க அதை அஞ்சு நிமிஷத்துல துண்டு துண்டா அறுத்துட்டு, கையும் குலுக்கி அனுப்பியிருக்கீங்க.

பழைய இரும்பு லாரி நாளைக்குத்தான் வருதாமே? அறுத்த துண்டெல்லாம் போட்டு வச்சிருக்கற அந்த டப்பாவை இப்படிக் கவுத்து விடு. வெள்ளைப் பிடியோட, குண்டு பாயற குழாய்த் துண்டையும் நானே பொறுக்கிக்கறேன்.