டிம்காட் கொலனி

— அப்பா, மெதுவா ஓட்டுங்கோ. மடியில நீங்கள் செய்து தந்த அட்டை நகரம் ஆடுது. காவலரண் ஏற்கெனவே கழண்டு போச்சு.

— நான் ஆசைப்பட்டுச் செய்ததே அந்தக் காவலரணைத்தான். சரி, புள்ளியைச் சொல்லு மேனுகா.

— ரோமன் நகரத்தில சாக்கு மூட்டை அடுக்கின காவலரண் ஏன் எண்டு சரித்திரம் படிப்பிக்கிற மதாம் கேட்டவ. புள்ளி போகப்போகுது எண்டு பயந்து போனன்.

— இதுக்கே பயப்படுறது?

— சரித்திரத்தில தவறினா யூலை முழுக்கக் கோடை வகுப்பு அப்பா. சுதாஜினி மச்சாளின்ர கலியாணத்துக்கு நீங்கள் எல்லாரும் ரொறன்ரோ போவியள். நான் வகுப்பில குந்தியிருக்கோணும்.

— இஞ்ச பார் பிள்ளை, கொலனி ஒண்டு செய்து தாங்கோ எண்டு நீதான் கேட்டனி. எங்கட காணியளில அரசாங்கம் ஆமிக் காவலோட போட்ட கொலனியளைத்தான் திருகோணமலையில பிறந்தவன் கண்டவன். அவனிட்டக் கொலனி கேட்டா அவன் என்னத்தைச் செய்வான்?

— நான் கேட்டது டிம்காட். ஆபிரிக்காவில ரோமன் ராசா கட்டுவிச்சது. படத்தை இன்ரநெற்றில பாருங்கோ எண்டும் சொன்னனான்.

— எங்க பாக்கிறது? கொம்மா நாள் முழுக்கப் போனில. இன்ரநெற்றுக்கும் அந்தப் போன் லைன்தானே வேணும். சரி, அந்த ஊரை ஆருக்குக் கட்டினவை?

— ஓய்வு எடுத்த ஆமிக்காரருக்கு.

— காணி?

— அரசாங்கமே அளந்து குடுத்தது. சதுரம் சதுரமா.

— பேந்து?

— பேந்து கோயில், சந்தை, குளிக்கிற மண்டபம், நூலகம். சனம் கூடக்கூட மதிலுக்கு வெளியிலயும் ஊர் போட்டுது.

— அப்ப நான் எதைப் பிழையாச் செய்தனான்? சொல்லு பாப்பம்.

— பஸ் டிப்போ.

— அது... இடம் மிஞ்சிக் கிடந்தது.

— குதிரை கட்டுற இடம் எண்டு சமாளிச்சன். பஸ்ஸுக்கு நம்பர் பிளேட் வேற ஒட்டி வைச்சிருக்கிறியள்.

— சரி, அதை விடு. மதிலுக்கு அங்கால மூண்டு குடிசை வைச்சனே. மதாம் கண்டவவோ?

— அதைத்தான் கனநேரம் பார்த்துக் கொண்டு நிண்டவ. புத்தகத்தில இது இல்லையே, இவை ஆர் எண்டு கேட்டவ. முந்தியே அங்க இருந்த சனம் எண்டன்.

— கெட்டிக்காரி.

— நகரம் வளர்ந்த பிறகு அந்தச் சனம் எங்க போனது எண்டு திருப்பிக் கேட்டவ. நான் சொன்ன மறுமொழிக்குத்தான் தொண்ணூறு புள்ளி.

— அட, எனக்கே தெரியாதே. என்ன சொன்னனி?

— இஞ்ச, இந்தக் குளிர் நாட்டில, பியர்பொன்ட்ஸில இருக்கிற எங்கட வீட்டு விலாசத்தைச் சொன்னன்.