கண்ணு, கொஞ்சம் வந்துட்டுப் போ

இந்த நாற்காலியே போதும், இன்ஸ்பெக்டர் சார். நான்கு நாளாக முதுகு வலி, வேறொன்றுமில்லை.

கைபேசி விளையாட்டு தயாரிக்கும் அலுவலகத்தில் எனக்குக் குரல் பிரிவு. எங்கள் விளையாட்டில் ஒரு தோட்டம், ஒரு வீடு, வாசலில் ஓர் அம்மா. பாதியில் விட்டுப் போகிறவர்களை அவள் கூப்பிடுவாள்: "கண்ணு, கொஞ்சம் வந்துட்டுப் போ." நடிகைகளை வைத்துப் பேச வைத்தோம், விட்டுப் போனவர்கள் ஒருவரும் திரும்பி வரவில்லை. என் அம்மா அக்காவைக் கூப்பிடுவதைப் பதிவு செய்து போட்டேன். பாதிப் பேர் வந்துவிட்டார்கள்.

அக்காவும் விளையாடினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பக்கவாதம் வந்த அம்மாவை ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டவள். நிஜ அம்மாவை இன்று குளிப்பாட்டினால் நாளைக்கும் குளிப்பாட்ட வேண்டும். விளையாட்டில் ஒரு வாளி ஊற்றினால் பூ மலர்ந்துவிடும், வாசல் அம்மா "நல்லாயிரு கண்ணு" என்பாள். நிஜ அம்மா அப்படிச் சொல்லி வெகு நாளாயிற்று. குரல் மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்று.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கூப்பிட்டாள். கூடத்திலிருந்த அக்கா, "இரும்மா, தண்ணி ஊத்திட்டுத்தானே இருக்கேன்" என்று கைபேசியிடம் சொல்லி, சத்தத்தைக் குறைத்தாள். குறைத்த பிறகும் அந்தக் குரல் குறையவில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை.

"நான்தான்டா கொன்னுட்டேன்" என்று அன்றிலிருந்து அழுகிறாள்.

"விடுக்கா, நீ என்ன வேணும்னேவா செஞ்ச?" என்று தேற்றிப் பார்த்தேன். பாவமாக இருக்கிறது. கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துவிட்டது. அவளை விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

நான் எங்கே இருந்தேன் என்கிறீர்களா? குளியலறை வாசலில். பழைய குரல் சலித்துப்போய் ஆட்கள் குறைய ஆரம்பித்திருந்தார்கள், மேலதிகாரி புதிது கேட்டிருந்தார். கதவோரம் சாய்த்திருந்த அம்மாவின் ஊன்றுகோலை நான்தான் எட்டாமல் எடுத்துவைத்தேன், கூப்பிடட்டும் என்று. விழுந்த சத்தமும் கேட்டது. முதல் நான்கு தடவை வழக்கமான குரல்தான், அதனால் பொறுத்திருந்தேன். ஐந்தாவதில்தான் நான் தேடிய நடுக்கம் வந்தது. அவள் கூப்பிட்டதைக் கடைசிவரை காது கொடுத்துக் கேட்டவன் நான் ஒருவன்தான்.

கடைசியில் கண்ணு என்பதை விட்டுவிட்டு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பெயர் வந்தால் எல்லோருக்கும் பொருந்தாது. பதிவில் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டேன்.