நாம வேற, நாங்க வேற

இல்லைங்க ஸ்ரீவத்ஸன் சார், அப்படி எழுதினா நாடக மலரைப் படிக்கறவன் சிரிப்பான். அதிகாரம் வந்து நம்ம நாடகத்து ராஜா கெட்டுப்போனான்னு ஒரே வரில முடிச்சுட்டீங்களே! இதுக்கா இந்த மண்டி மொஹல்லா சந்துல ஸ்கூட்டரை உருட்டிக்கிட்டு வந்தீங்க? உக்காருங்க. வசனத்தைப் பாக்கலாம். வருஷா வருஷம் திரைக்குப் பின்னாடி நின்னு எடுத்துக்குடுக்கறவன் நான், மறக்குமா?

முதல் காட்சில, குடிகள் பசித்திருக்க நான் உண்ணேன்ங்கறான். நான்! கிரீடம் ஏறினதும்? நாம் உண்டால் குடிகள் உண்டது போலத்தான்ங்கறான். சனம் கை தட்டுது, கம்பீரமாம். த்தூ! சோறு ஒருத்தனுக்கு, ஏப்பம் மட்டும் ஊருக்கா?

என்னது, நாம்ங்கறது ராஜ மரியாதையா? பேங்குல கன்னடம் பேசிப் பேசி மறந்துட்டீங்க சார். அங்க நாம, நாங்க ரெண்டுக்கும் நாவுன்னு ஒரே சொல்லு. நமக்கு அப்படியில்லைங்க. நாமன்னா கேக்கறவனும் சேத்தி. நாங்கன்னா நீ வெளியில நில்லுன்னு அர்த்தம்.

அந்த ராஜா வேஷம் கட்டறது யாரு? எங்க மில்லு யூனியன் தலைவன் காளியப்பன். வேஷத்தைக் கலைச்சாலும் நடையைக் கலைக்க மாட்டான். போன வாரம் கேட் மீட்டிங்குல மைக்கைப் பிடிச்சு, நைட் ஷிப்டை மூட நாம ஒத்துக்கிட்டோம்ங்கறான்! ஏசி ரூம்ல முதலாளி முன்னாடி கையெழுத்துப் போட்டது இவன் ஒருத்தன். நாங்க ஒத்துக்கிட்டோம்னு சொல்லியிருந்தா, யாருடா அந்த நீங்கன்னு எவனாவது கேட்டிருப்பான். இங்க கன்னடத்துலயே பொறந்து வளந்த பசங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானே? தலையாட்டிட்டானுங்க! வீட்டுக்குப் போய்ச் சோத்துல கை வெச்சப்பறம்தான் வேலை போயிருச்சுன்னு உறைச்சுது. இப்ப வேலை போனவங்கள்ல ஒருத்தன், கெம்பையன், ஆள் சேத்துட்டான். நாளைக்குக் காலைல நைட் ஷிப்டு ஆளுங்க பூரா கேட்டை மறிச்சு உக்காரப் போறாங்க. ஒருத்தனையும் உள்ள விடறதா இல்லை.

கடைசி வசனத்தை எழுதிக்குங்க. கோட்டை விழுந்தாச்சு, கூட ஒரு நாய் இல்லை. அப்பவும் நாம் தோற்றோம்ங்கறான். யாருடா நாம்? நீயும் உன் நாற்காலியுமா? ஆனா ராஜா கெட்டது பெருசில்லைங்க. ராஜாவோட பந்தியில பேசாம உக்காந்து தின்னானுங்களே, மந்திரியும் மாமன் மச்சானும், அவனுங்களுக்கு அந்த நாடகத்துல ஒரு வசனம் கூடக் கிடையாது. அதை எழுதுங்க. என் பேரு மட்டும் போடாதீங்க.

நானா? கேட்டை மறிக்கவா? இல்லைங்க, நான் போகலை. எனக்கு வேலை போகலை சார். என்னை மட்டும் பகல் ஷிப்டுக்கு மாத்தியாச்சு. காளியப்பன் எங்க வீட்டுக்காரி கௌரம்மாவுக்குக் கூடப்பொறந்த அண்ணன், உங்களுக்குத் தெரியாதா? டீயைக் குடிங்க, ஆறுது. கெம்பையன் கேட்டைத்தானே மறிப்பான்? கேன்டீனுக்குப் பின்னாடி ஒரு சின்னக் கதவு இருக்குதுங்க. சாவியை மச்சான் நேத்தே வீட்டுல குடுத்துட்டுப் போயிட்டான்.