என் மகளுக்கு நான் போட்ட ஃபெயில்

தலைமை இருக்கையைத் தன் தாயுள்ளத்தால் நிறைத்திருக்கும் தலைமையாசிரியர் வெர்னிட்டா ஹோம்ஸ்லி அம்மையார் அவர்களே! கல்வி வாரியத்தின் கண்ணியமிக்க பெரியோர்களே! கட்டிக்கொடுத்த சாண்ட்விச் கடிபடாமல் திரும்பி வந்தாலும், மறுநாளும் மனம் கோணாமல் கட்டிக்கொடுத்த தாய்மார்களே! போமான்ட் நகரத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் பிள்ளைகளை மஞ்சள் பேருந்தில் அள்ளிவந்த ஓட்டுநர்களே! இன்று பட்டமளிப்பு அங்கி அணிந்து, உள்ளே வியர்த்துக்கொண்டிருக்கும் செல்வங்களே! இரும்போடு இருபத்தாறு ஆண்டு மல்லுக்கட்டிய வெல்டர் ஓடெல் ஆர்சனோ ஆகிய நான் உங்கள் அத்தனை பேரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

என்ன, பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? எண்ணெய் ஆலையின் இரைச்சலிலேயே என் குரல் கேட்கும் ஐயா! ஒலிவாங்கியைக் கொஞ்சம் உயர்த்துங்கள்.

குலுக்கல் போட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கும் இந்த மேக்னட் சிறப்புப் பள்ளியில் காலையில் கணிதம், மதியம் பட்டறை. ஒரு கையில் பாடப் புத்தகம், மறு கையில் பிழைப்புக்கான கருவி. பல்கலைக்கழகத்துக்கும் அனுப்புவார்கள், தொழில் சான்றிதழும் வாங்கித் தருவார்கள். நான் கேட்கிறேன்: படிக்கிறவன் கை அழுக்காகக் கூடாதா? உழைக்கிறவன் தலை உயரக் கூடாதா? படிப்புக்கும் பாடுபடுதலுக்கும் நடுவே கோடு போட்டது யார்?

சொல்கிறேன். நான்தான் போட்டேன். என் வீட்டு நடுக்கூடத்திலேயே போட்டேன்.

குலுக்கலில் இந்தப் பள்ளியில் இடம் கிடைத்தபோது என் மகள் கொரினைவிட நான்தான் அதிகம் குதித்தேன். பட்டறை வகுப்பைப் பள்ளியின் கட்டாயம் என்று பொறுத்துக்கொண்டேன். ஆனால் போன சனவரியில் சாப்பாட்டு மேசையில் ஒரு குண்டைப் போட்டாள்.

“அப்பா, நான் காலேஜுக்கும் போறேன். அதுக்கு முன்னாடி வெல்டிங் சர்டிபிகேட் எடுத்து, கோடைக்கு உங்க ஆலைப் பட்டறையிலயே வேலைக்கு வரப்போறேன்.”

“காலேஜுக்குப் போற பொண்ணுக்கு எதுக்குடி இந்த நெருப்பு?” என்றேன்.

“நீங்க இருபத்தாறு வருசம் செஞ்சது கேவலமாப்பா?”

பதில் இல்லாதவன் என்ன செய்வான்? கோபித்துக்கொள்வான். இரண்டு மாதம் மகளோடு பேசவில்லை. என் மனைவி டெல்மாவுக்குத் தூது போயே தொண்டை கட்டிவிட்டது. “உன் பொண்ணுகிட்ட அந்த மிளகாய் சாஸை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு” என்பேன். “தள்ளுறதா இருந்தா உங்க ரெண்டு பேரையும் ஆத்துல தள்ளணும்” என்பாள்.

மார்ச் மாதம் சான்றிதழ்த் தேர்வு. இந்தப் பள்ளியில் ஊர்த் தொழிலாளிகளை அழைத்துத்தான் மதிப்பிடச் சொல்வார்கள். என்னையும் என் நண்பன் வெண்டெலையும் அழைத்தார்கள். பிள்ளைகள் வெல்டிங் செய்து பற்றவைத்த இரும்புத் தட்டிலிருந்து ஒரு பட்டை அறுத்து எங்கள் அறைக்கு வரும். அதில் எண் இருக்கும், பெயர் இருக்காது. அதை லாடம் போல வளைப்போம். அரைக்கால் அங்குலத்துக்கு, அதாவது எட்டில் ஒரு பங்குக்கு மேல் வெடித்தால் தோல்வி. அன்று என் மகளும் எழுதுகிறாள் என்பது எனக்குத் தெரியாது. பேசினால்தானே தெரியும்!

பதினேழாம் எண் வந்தது. பற்றவைப்பு எவ்வளவு அழகு! வளைத்தேன். பட்டென்று வெடிப்பு விட்டது. பார்த்ததுமே புரிந்துவிட்டது. பற்றவைத்த இரும்பு தானாக ஆற வேண்டும். யாரோ சுடச்சுடத் தண்ணீரில் முக்கியிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கதவைத் திறந்து, நடையில் காத்திருந்த பிள்ளைகளிடம் பட்டையைத் தூக்கிக் காட்டிக் கத்தினேன்: “எந்த அவசரக்குடுக்கை இதைத் தண்ணில முக்குனது?”

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

“நாந்தாம்ப்பா அந்த அவசரக்குடுக்கை.”

தாய்மார்களே, இருபத்தாறு ஆண்டில் எத்தனையோ தீக்காயம் பட்டிருக்கிறேன். இப்படி ஒன்று பட்டதில்லை.

“ஏன்டி முக்குன?”

“பன்னெண்டு மணிக்கு உதவித்தொகைப் பரீட்சைப்பா. நீங்க எழுதச் சொன்னது. ஆறுற வரைக்கும் உக்காந்திருந்தா அதுக்குப் போக முடியாது.”

என் ஆசைக்காக ஓடியவள், தன் ஆசையைத் தண்ணீரில் முக்கிவிட்டாள். வெண்டெல் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். “டேய் ஓடெலு, உன் பொண்ணுடா. வெடிப்பும் மயிரிழைதான். கண்டுக்காத.” அளந்தேன். கால் அங்குலம், வரம்பைப் போல இரண்டு மடங்கு. என் கையாலேயே ஃபெயில் போட்டேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

என் வண்டியிலேயே அவளைப் பரீட்சைக்குக் கூட்டிப்போனேன். பாலம் தாண்டினோம். பிறகு அவளே சொன்னாள்: “நீங்க போட்டது சரிதாம்ப்பா. பாஸ் போட்டிருந்தா நான் உங்களை நம்பியிருக்க மாட்டேன்.” பதினெட்டு வயதுப் பெண்! மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். பேனா இருக்கிறதா என்று கேட்டேன். அவ்வளவுதான் வந்தது.

உதவித்தொகைத் தேர்வில் தேறினாள். கைதட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள்! இரண்டு வாரம் கழித்து மறுதேர்வு. இம்முறை மதிப்பிட வேறு ஆள். வண்டி நிறுத்துமிடத்தில் நான் தவித்துக்கொண்டிருந்தேன்; துணைக்கு வெண்டெல். தட்டு ஆறுகிற நேரத்தில் கொரின் வெளியே வந்து, என் வண்டியின் பின்பலகையில் என்னருகே உட்கார்ந்து, தன் சாசேஜில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் இரண்டு மாதப் பேச்சையும் பேசித் தீர்த்தோம். பிறகு உள்ளே போய், வளைந்த பட்டையோடு திரும்பி வந்து என் கையில் வைத்தாள். கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அழுதேன். ஆமாம், அழுதேன்! அங்கே யார் சிரிப்பது? வெண்டெல்தானே? நீயும்தானே அழுதாய்!

பெரியோர்களே! வருகிற இலையுதிர் காலத்தில் என் மகள் பல்கலைக்கழகம் போகிறாள், இரும்பு ஏன் வெடிக்கிறது என்று படிக்க. அதற்கு முன், வருகிற திங்கட்கிழமை எங்கள் பட்டறைக்கு வருகிறாள். அவள் பற்றவைக்கப்போவது நீராவிக் குழாய். கொதிக்கும் ஆவி அதற்குள் கொந்தளித்துக்கொண்டு ஓடும். அந்தக் குழாய் எங்கே போகிறது தெரியுமா? நான் வேலை செய்யும் இடத்துக்கு நேர் மேலே. என் மகளை நான் நம்புகிறேனா என்று இந்த ஊரில் எவராவது கேட்டால், மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்து பாருங்கள். அந்தக் குழாய்க்குக் கீழேதான் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பேன்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், என் பெண்ணை முழு மனுஷியாக்கிய ஆசிரியர்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. எல்லோரும் நல்லா இருங்கள். வணக்கம்.