ரெண்டாவது கப் கொண்டுவந்த கம்பவுண்டர் தங்கதுரை

மதிப்புக்குரிய கால்பந்துக் கமிட்டித் தலைவர் மண்டி தனசேகரன் அவர்களே! மேடையில் வீற்றிருக்கிற பெரியோர்களே! பந்தல் நிழல் பத்தாமல் வேப்பமரத்தடிக்கு நகர்ந்து நகர்ந்து உட்காருகிற டவுன் டீம் தம்பிகளே! முன்வரிசையில் இருக்கிற, கம்பவுண்டரின் மனைவி, என் தங்கச்சி அம்சவள்ளி அவர்களே! உங்கள் எல்லோருக்கும் சைக்கிள் கடை பிச்சைமுத்துவின் வணக்கம்.

மேடை எனக்குப் பழக்கம் இல்லை. நான் பள்ளிக்கூடத்தை விடவில்லை, மூணாங் கிளாஸில் பள்ளிக்கூடம்தான் என்னை விட்டுவிட்டது. பந்துக்குக் காத்தடிப்பது, பிளாடரில் பஞ்சர் ஒட்டுவது, இதுதான் கமிட்டியில் என் வேலை. அப்பேர்ப்பட்டவன் கடைசியாகப் பேசுகிறேன் என்று எதற்குக் கேட்டு வாங்கினேன்? மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நம்மை விட்டுப் போன செயலாளர், மருந்துக்கடை கம்பவுண்டர் தங்கதுரை அவர்கள், நம் ஊர்ப் போட்டியில் ரெண்டாவது கப் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். முதல் ஆட்டத்தில் தோற்ற டீம்கள் வீட்டுக்குப் போகாமல் தங்களுக்குள் ஆடி ஜெயிக்கிற கப். அதை இந்த வருஷத்தோடு நிறுத்திவிடுவது என்று ஒரு தீர்மானம் தலைவரின் சட்டைப்பையில் இருக்கிறது. என் பேச்சு முடிந்ததும் படிப்பார். வந்திருக்கிறவர்கள் கை தூக்கினால் நிறைவேறிவிடும். கமிட்டி சட்டம் அப்படி. ஆனால் அந்தக் கப்பில் ஆடுகிறவர்கள் யார்? வெள்ளிமலை ஆட்கள், கரியாலூர் ஆட்கள். கம்பவுண்டருக்கு அஞ்சலி செய்ய ஒரே ஜீப்பில் அடைந்துகொண்டு காலையிலேயே மலையை விட்டு இறங்கியிருக்கிறார்கள். இன்னும் வரவில்லை. கச்சிராயபாளையம் ரோட்டில் மறியல் என்று காதில் விழுகிறது.

செத்தவரைப் புகழ்ந்து பேசுகிறவனைப் பார்த்து, போதும் இறங்கு என்று சொல்ல இந்த ஊரில் எவருக்கும் வாய் வராது. அந்தத் தைரியத்தில்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன். ஜீப் வருகிற வரைக்கும் பேசுவேன். தலைவர் சிரிக்கிறார், சிரிக்கட்டும். நானும் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறேன். 

யார் இந்தத் தங்கதுரை? மாத்திரை கொடுத்தவரா? ஆமாம். ஊசி போட்டவரா? ஆமாம். டாக்டர் எழுதியதை டாக்டராலேயே படிக்க முடியாதபோது படித்துச் சொன்னவரா? அதுவும் ஆமாம்! ஆனால் சாயங்காலம் ஆனால் என் கடை வாசலில் பழைய டயரைப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஐரோப்பாவைக் கட்டி ஆண்டவர் அவர்.

ஐரோப்பா எங்கே, கள்ளக்குறிச்சி எங்கே! ரெண்டு வருஷத்துக்கு முன்னால் டிவியில் வேர்ல்ட் கப் பார்த்தோமே, அப்போது பிடித்த பைத்தியம். ஊரில் எல்லோருக்கும் தெளிந்துவிட்டது, என் கடை வாசலில் மட்டும் தெளியவில்லை. ஐரோப்பா கிளப்புகள் ஆடி ஒரு ஆட்டம்கூட நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. கம்பவுண்டர் லண்டன் ரேடியோவில் கேட்டு வந்து சொல்வார். அதை வைத்துக்கொண்டு நாங்கள் போடுகிற சண்டையில் உளுந்தூர்பேட்டை பஸ்ஸே நின்று பார்த்துவிட்டுப் போகும்.

சண்டை எதைப் பற்றி? அங்கே ஒவ்வொரு நாட்டிலும் முதலாக வந்த டீம்களுக்கு ஒரு கப் நடத்துகிறார்கள். அது பெரிய கப். ரெண்டாவதாக, மூணாவதாக வந்தவர்களுக்கு யூஃபா கப் என்று தனியாக ஒன்று. அதற்கு மதிப்பு உண்டா, இல்லையா? இதுதான் வழக்கு. இல்லை என்கிற கட்சிக்குத் தலைவர் நம் தலைவர்தான். உண்டு என்கிற கட்சியில் கம்பவுண்டர் ஒருத்தர். நான் யார் தோற்கிறாரோ அவரைக் கேலி செய்கிற கட்சி.

“ரெண்டாவதா வந்தவனுக்கு இன்னாத்துக்குய்யா கப்பு? கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனுக்கும் ஒரு பொண்ணைக் கட்டி வெப்பியா?” என்பார் தலைவர்.

“வெக்கணும்ங்க. அவன் இன்னா, சாவுற வரைக்கும் தோழனாவே நிப்பானா?” என்பார் கம்பவுண்டர்.

“பெரிய கப்புன்னா அதுல சாம்பியன் மட்டும்தான்யா ஆடுவான்!”

“சின்ன நாட்டு சாம்பியன் வந்து கூடை கூடையா கோல் வாங்கிக்கினு போறானே, அது ஆட்டமா? பெரிய நாட்டுல ரெண்டாவது வந்தவன், மூணாவது வந்தவன் எல்லாம் இங்கதாங்க கடிச்சிக்கிறான். இந்தக் கப்பை எடுக்கிறதுதான் கஷ்டம்.”

இப்படியே போகும். அம்சவள்ளி வீட்டிலிருந்து ஆள் அனுப்புவார், சோறு ஆறிப்போச்சு என்று. இரண்டு கட்சியும் எழுந்திருக்காது.

என்ன தலைவரே? சுருக்கமாகவா? தங்கச்சி, பார்த்தாயா, உன் வீட்டுக்காரரைச் சுருக்கமாகப் புகழச் சொல்கிறார்! என்னம்மா சொல்கிறாய்? அவரிடம் மைக் இல்லாததால் நானே எல்லோருக்கும் சொல்கிறேன். “அவரு ஒரு நாளும் சுருக்கமா பேசுனதில்ல, நீங்க பேசுங்கண்ணே” என்கிறார். உத்தரவு.

சரி, வெறும் வாய்ச்சண்டையாக இருந்தது நம் ஊர்ப் போட்டிக்கு எப்படி வந்தது? அதையும் கேளுங்கள். வெள்ளிமலை டீம் முதன்முதலாக ஆட வந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? தம்பி மாயவன்தான் கேப்டன். காலையில் வந்தார்கள், டவுன் டீமிடம் தோற்றார்கள், முடிந்தது. மலைக்குத் திரும்பிப் போக பஸ் இல்லை. கம்பவுண்டர் அவர்களைத் தன் கடையில் உட்காரவைத்து, “எப்படிடா இருந்துச்சு மாயவா?” என்றார். மாயவன் யோசித்துவிட்டு, “பஸ்ஸுல குந்தியிருந்தது ஜாஸ்தி, கிரவுண்டுல ஓடினது கம்மிங்க” என்றான். நான் சிரித்தேன். கம்பவுண்டர் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே கமிட்டியில் எழுந்து, தோற்றவர்களுக்கு இன்னொரு கப் வேண்டும், அங்கே ஐரோப்பாவில்கூட என்று ஆரம்பித்துவிட்டார். மறுப்பதற்குப் பயந்தே எல்லோரும் கை தூக்கினோம். மறுத்தால் ஐரோப்பா முழுவதையும் சொல்லிவிட்டுத்தானே உட்காருவார்!

அந்தக் கப்பில் இப்போது மலை ஆட்கள் மூன்று ஆட்டம், நான்கு ஆட்டம் ஆடுகிறார்கள். போன வருஷம் கப்பே எடுத்தார்கள். வெள்ளிமலை வாரச்சந்தையில் அதை வைத்துக் காட்டினார்களாம், நம் தலைவர் பெயர் பொறித்த கப்பை! தலைவர் அவர்களே, மலையில் உங்கள் பெயரை ஆடு மாடுகூடத் தெரிந்துவைத்திருக்கிறது.

தலைவர் கெட்டவர் இல்லை. அதையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். கம்பவுண்டரின் பாடைக்கு முதல் தோள் அவர் தோள். அவர் சொல்கிற காரணத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ரெண்டாவது கப் ஆட்டத்துக்குக் கூட்டம் வருவதில்லை. அந்தச் செலவில் மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய டீமைக் கூப்பிட்டால் நம் பிள்ளைகள் ஆட்டம் கற்றுக்கொள்வார்கள் என்கிறார். கற்றுக்கொள்ளட்டும். ஆனால் இதற்குக் கம்பவுண்டர் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டாரே!

போன செப்டம்பரில் ஒரு வாரம் ரோடே இல்லாமல் போனது. மறியலுக்கு வெட்டிப் போட்டது மரம் மரமாகக் கிடந்தது. சில ஊர்களில் உயிர்கூடப் போனது. நம் ஜனத்துக்குத் தனி இடஒதுக்கீடு வேண்டும் என்று ரோட்டில் தலைவரும் உட்கார்ந்தார், நானும் உட்கார்ந்தேன். அது முடிந்து தலைவர் தொண்டை கட்டிப்போய் மருந்துக்கடைக்கு வந்தார். வந்தவர் மாத்திரை வாங்கிக்கொண்டு போனாரா? அந்தத் தொண்டையோடு, ரெண்டாவது கப் வேண்டாம் என்று ஆரம்பித்தார். கம்பவுண்டர் மெதுவாகக் கேட்டார்:

“தலைவரே, தொண்டை கட்டுற வரைக்கும் ரோட்டுல இன்னா கேட்டீங்க?”

“தனி இடம் கேட்டோம். உனுக்குத் தெரியாதா?”

“எதுக்குங்க தனியா?”

“எல்லாரையும் ஒரே வரிசையில வுட்டா எங்க புள்ள எந்தக் காலத்துல உள்ள போறது?”

“நானும் அதைத்தாங்க கேக்கறேன். மலைக்காரப் புள்ளைக்கு.”

 கம்பவுண்டர் ஒரு இருமல் மாத்திரையை எடுத்துத் தலைவர் கையில் வைத்து, “இதைச் சப்புங்க. கரையுற வரைக்கும் பேசக்கூடாது” என்றார். தலைவரே, உண்மையா பொய்யா? ஆங், தலையாட்டுகிறார்.

இருங்கள். யாரோ சைக்கிளில் வருகிறார். வழி விடுங்கள், வழி விடுங்கள். என்னப்பா?

ஐயா பெரியோர்களே, கச்சிராயபாளையத்துக்கு இந்தப் பக்கம் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்களாம். ஜீப் நின்றுவிட்டது. மாயவனும் மற்றவர்களும் இறங்கி நடந்து வருகிறார்களாம். இந்த வெயிலில்! மலைக்காரன் என்று தெரிந்தால் மறியலில் இருக்கிறவர்கள் விடுவார்களா, தெரியாவிட்டால் விடுவார்களா? எனக்கே விளங்கவில்லை. இடஒதுக்கீடு கேட்கிற நம் ஆட்கள்தான், நான் அறிந்த ஆட்கள்தான். ஆனாலும் கூட்டம் என்றால் கூட்டம். வழியில் யாராவது ஒரு வார்த்தை ஏடாகூடமாக விட்டு, ஒரு கல் பறந்தால்? கம்பவுண்டர் சாவுக்கு வந்தவன் அடிபட்டான் என்ற பேர் நமக்கு வேண்டாம். வேண்டவே வேண்டாம்!

டேய் கோல்கீப்பர் சுபாஷ்! எழுந்திரு. இந்தா என் கடைச் சாவி. பிடி! பந்தைத்தான் பிடிக்க மாட்டாய், சாவியையாவது பிடித்தாயே. வாடகை சைக்கிள் அத்தனையும் எடுத்துக்கொண்டு டவுன் டீம் மொத்தமும் கிளம்புங்கள். ஆளுக்கு ஒருத்தரைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். மரத்துக்குக் கிட்டே யார் கேட்டாலும் முறைக்காதே. “சாவுக்குப் போறவங்க”ன்னு சொல்லு, வழி விடுவான். எந்த மறியலிலும் சாவுக்குப் போகிறவனை நிறுத்தினதில்லை. பச்சை சைக்கிளுக்கு பிரேக் கிடையாது, அதை நீ எடுத்துக்கொள்.

போகிறார்கள் பாருங்கள். இவர்களும் தலைவர் கட்சிதான். தோத்தவன் கப்பு, தோத்தவன் கப்பு என்று மாயவனைச் சீண்டியவர்கள்தான். இப்போது அவனை முதுகுக்குப் பின்னால் உட்காரவைத்து மிதிக்கப் போகிறார்கள். தலைவரே, உங்களுக்குக் கை தூக்குகிற ஆளையெல்லாம் நான் அனுப்பிவிட்டேன் என்று பார்க்காதீர்கள். வந்ததும் தூக்குவார்கள். மாயவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே தூக்கட்டும். அதுதான் நான் கேட்பது.

அவர்கள் வருவதற்குள் ஒன்று சொல்கிறேன். இந்த மே மாதம் நடந்தது.

யூஃபா கப் ஃபைனல். அங்கே ஃபைனல் ஒரு ஆட்டம் கிடையாது, இரண்டு. அவன் ஊரில் ஒன்று, இவன் ஊரில் ஒன்று. ஜெர்மனியில் லெவர்குசன் என்று ஒரு ஊர். மாத்திரை செய்கிற ஃபேக்டரி ஆட்கள் ஆரம்பித்த டீம். மாத்திரை என்றால் கம்பவுண்டர் விடுவாரா? “நம்ம டீம்” என்று சொல்லிவிட்டார். முதல் ஆட்டம் ஸ்பெயினில். மூன்று கோல் வாங்கினார்கள், ஒன்றும் போடவில்லை. அய்யோ, அடுத்த ஆட்டம் வரைக்கும் இருந்த ரெண்டு வாரமும் நான் அவரை விட்டேனா? கடைக்குப் போய், “தோல்விக்கு மாத்திரை இருக்குதாங்க?” என்பேன். தலைவரோ, “மூணு கோல் வாங்கினவன் இனிமே எழுந்திருக்க மாட்டான்யா” என்றார். கம்பவுண்டர், “இன்னொரு ஆட்டம் இருக்குதுங்க” என்று மட்டும் சொன்னார்.

ரெண்டாவது ஆட்டம். பாதி நேரம் வரைக்கும் ஒரு கோலும் இல்லை. அப்புறம் ஒன்று. இன்னொன்று. மூணாவது! சமம். பெனால்டியில் கப்பு மாத்திரைக்காரர்களுக்கு! மறுநாள் காலையில் கம்பவுண்டர் பஸ்ஸ்டாண்டில் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் இனிப்பு கொடுத்தார். மருந்துக்கடையில் இனிப்பு ஏது? இருமல் மிட்டாய்தான். இருமாதவனெல்லாம் சப்பிக்கொண்டு போனான். தலைவர் வந்து, “மூணு கோல் வாங்கினவன் எப்படிய்யா ஜெயிச்சான்?” என்றார்.

“ஒரு ஆட்டத்தோட வூட்டுக்கு அனுப்பலீங்களே, அதனாலதான்” என்றார் கம்பவுண்டர்.

அவ்வளவுதான் ஐயா அவர் படித்த படிப்பு. அவ்வளவுதான் அவர் கட்சி. அதைச் சொன்ன மனுஷனுக்கு ஒரே ஆட்டம்தான் கிடைத்தது. போன வாரம் கடையைத் திறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், சுற்றிலும் அத்தனை மருந்து இருந்தும், எழுந்திருக்கவில்லை. என்னால் இதைக் கேலி பண்ண முடியவில்லை. முயற்சி செய்து பார்த்தேன், வரவில்லை.

தங்கச்சி, அழாதே. உன் எதிரில், இந்தச் சபையின் எதிரில் நான் உறுதி சொல்கிறேன். பிச்சைமுத்து கடையில் பம்ப் இருக்கிற வரைக்கும் ரெண்டாவது கப்புக்குப் பந்து உண்டு. கூட்டம் வரவில்லையா? நானே நின்று கத்துகிறேன், பத்து பேர் கத்துகிற மாதிரி எனக்குத் தொண்டை இருக்கிறது. மலையிலிருந்து பஸ் இல்லையா? சைக்கிள் அனுப்புகிறேன். கமிட்டி நடத்தினால் கமிட்டி பெயரில் நடக்கும். கமிட்டி கைவிட்டால் கம்பவுண்டர் பெயரில் நடக்கும். தலைவர் அவர்கள் அதற்கு இடம் வைக்க மாட்டார் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பேச்சு தீர்ந்துவிட்டது. ரோடு இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. உடனே தீர்மானத்துக்கு எழுந்திருக்காதீர்கள் தலைவரே. முறை என்று ஒன்று உண்டு. முதலில் மௌன அஞ்சலி. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கமிட்டி சட்டத்தில் இருக்கிறதா? காலையிலேயே விசாரித்துவிட்டேன், இல்லை. என்னிடம் வாட்சும் இல்லை.

எல்லோரும் எழுந்திருங்கள். மேடையில் இருக்கிறவர்களும்தான். நான் சொல்கிற வரைக்கும் யாரும் உட்காரக் கூடாது, பேசக் கூடாது, கை தூக்கக் கூடாது.

தலையைக் குனிந்துகொள்ளுங்கள். ரோட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.