பேர்க்காரிக்கு வாங்கின டப்பு

இல்லம்மா, இதை வண்டி மேல போடச் சொல்லாத. கண்டக்டர்கிட்ட அப்பவே சண்டை போட்டுட்டேன், மடியிலயே வெச்சுக்கறேன்னு. மேல ரெண்டு ஆட்டைக் கட்டியிருக்கான், அது மிதிச்சா என்ன ஆகும்? புது பிளாஸ்டிக் டப்பு. உன் முட்டில இடிக்குதா? இரு, இப்படித் திருப்பிக்கறேன். இப்ப சரியா? நல்லவேளை உன் பக்கத்துல இடம் கெடைச்சுது. பின்னாடி சீட்டுல கதவையே கயித்தால கட்டியிருக்கான். வழியில பிச்சுக்கிட்டா நாம ரோட்டுல.

ஆமா, பிள்ளை குளிப்பாட்டத்தான். உள்ள சோப்பு இருக்கு, எண்ணெய் இருக்கு, பிள்ளைய முதுகுல கட்ட ரெண்டு கப்புலானா துணி, ஒரு தொப்பி. எல்லாம் நேத்து சந்தையில வாங்கினது. தொப்பிய மட்டும் நானே பின்னினேன்.

பேத்திக்கு இல்ல. என் பேர்க்காரிக்கு. ஏன் அப்படிப் பாக்கற? நீ வடக்கத்திப் பொண்ணா? பேச்சுலயே நெனைச்சேன். உங்க பக்கம் எப்படியோ. எங்க தெக்கத்திப் பக்கம், ஒரு பிள்ளைக்கு என் பேரை வெச்சா அது எனக்குப் பாதி சொந்தம். முதல் துணி நான்தான் எடுக்கணும், குளிப்பாட்ட டப்பு நான்தான் வாங்கணும். அதுக்கு ஒண்ணுன்னா நான் போய் நிக்கணும். என் பேரு எர்மெலிந்தா. அவளும் எர்மெலிந்தா. மூணு மாசம்.

எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்காளுங்க, கேளு. பெரியவ தன் பிள்ளைக்கு டிவி தொடர்ல வர்ற எவளோ ஒருத்தி பேரை வெச்சா. சின்னவளாவது வெப்பான்னு பாத்தேன். அம்மா, உன் பேரு அலமாரி மாதிரி இருக்கு, தூக்கவே முடியலன்னா. சிரிக்கறியா? நானும் அன்னைக்குச் சிரிச்சேன். வீட்டுக்குப் போய்த்தான் அழுதேன்.

இது எங்க சர்ச்சால வந்த பிள்ளை. ஒரு மாசம் ஊழியத்துக்குப் போயிட்டு முந்தாநாள்தான் வந்தோம், மாஷுலானேன்னு ஒரு ஊரு. லிம்போபோ ஆத்துக்கு அந்தாண்ட. நீ கேள்விப்பட்டிருக்க மாட்ட, அந்த ஊரு ஆளுங்களே பாதிப் பேரு சுரங்க வேலைக்குப் போய் ஊரை மறந்துட்டாங்க. அங்க இருக்கற சின்ன சர்ச்சோட சேந்து வேலை செய்யணும். வெள்ளத்துல கூரை போயிடுச்சு, தகரம் போடணும், பிள்ளைங்களுக்கு வேதபாடம் நடத்தணும். எட்டுப் பேரு போனோம். ஏழு பேரு ஊழியக்காரங்க, நான் சமையக்காரி. நாலாவதோட படிப்பை விட்டவ, நான் என்ன பாடம் நடத்த? முப்பது பேருக்குச் சோளமாவுக் களி கிளறினேன். மரவள்ளிக் கீரைய இடிச்சு இடிச்சு, இந்தக் கையப் பாரு, இன்னும் காய்ச்சிருக்கு.

எங்க பாஸ்டர் மாபுந்தா பேசினா நிறுத்த மாட்டாரு. தகரத்து மேல ஆளு ஆணியோட நிக்கறான், இவரு கீழ நின்னு ஜெபம் பண்றாரு. பாஸ்டர், சீக்கிரம் ஆமென் சொல்லுங்க, கால் சுடுதுன்னு அவன் மேலேருந்து கத்தறான். அப்படி ஒரு ஊழியம்.

ஆனா முதல் நாளே ஒண்ணு கண்டிப்பா சொல்லிட்டாரு. பிள்ளை அழுதா செத்தவங்க பேரைச் சொல்லிக் கூப்பிடறது, பேரு கேட்டுத்தான் அழுவுது, எந்தப் பேருக்கு நிறுத்துதோ அதையே வெக்கணுங்கறது, அதெல்லாம் பழைய இருட்டு. நாம இருக்கற ஒரு மாசத்துல அந்தப் பேச்சே கூடாதுன்னாரு. நாங்களும் தலைய ஆட்டினோம். வளந்ததெல்லாம் அந்த இருட்டுலதானே. எனக்கே ஒம்பது பேரு சொல்லிப் பாத்துத்தான் பத்தாவதா எர்மெலிந்தா பொருந்திச்சாம். அப்பத்தான் வாயை மூடினேனாம். அதுக்கப்புறம் மூடவே இல்லன்னு என் வீட்டுக்காரர் சொல்லுவாரு.

செலஸ்தேன்னு ஒரு பொண்ணு, சர்ச்சுக்குப் பின்னாடி வீடு. வயசு இருபது இருக்கும். புருஷன் சுரங்கத்துல. தினமும் எனக்குத் தண்ணி எடுத்துக் குடுக்கும். முதுகுல இந்தப் பிள்ளை. இன்னும் பேரு வெக்கல, அப்பன் வரட்டும்னு இருந்தாங்க. கடைசி வாரத்துல பிள்ளைக்கு அழுகை ஆரம்பிச்சுது. சாதாரண அழுகையில்ல. தூக்கினா இன்னும் வீல்னு கத்துது. பாலைக் கக்குது. உடம்பு சுட்டுது. பாஸ்டரம்மா ஒரு மாத்திரைய உடைச்சுக் கரைச்சுக் குடுத்தாங்க. பாஸ்டர் தலைல கைய வெச்சு ஜெபம் பண்ணாரு. நிக்கல.

நாலாவது நாள் வியாழக்கிழமை. செலஸ்தே பிள்ளைய முதுகுல இறுக்கிக் கட்டிக்கிட்டு என்கிட்ட வந்துச்சு. அக்கா, நான் ஆத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போறேன், இன்னைக்குத் தண்ணி எடுக்க முடியாதுன்னுச்சு. தோணி எடுக்கணும், அப்புறம் மூணு மணி நேரம் நடக்கணும். அது வந்து... நான்தான்... இரும்மா, இந்த ஆளு ஏன் இப்படி ஓட்டறான்? யோவ், பள்ளத்தைப் பாத்து ஓட்டுய்யா! ஆட்டை ஏத்தின மாதிரி எங்களையும் ஏத்திட்டியா?

எங்க விட்டேன்? ஆங். நான்தான் சொன்னேன். செலஸ்தே, போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை பேரு சொல்லிப் பாப்போம். எல்லாரும் கூரைல இருக்காங்க, எவனுக்கும் தெரியாதுன்னேன். அதுக்கு அந்தப் பொண்ணு, பாஸ்டர் திட்டுவாரேக்கான்னுச்சு. திட்டினா என்னைத் திட்டட்டும், எனக்குப் பழக்கந்தான்னேன்.

அடுப்புக்குப் பின்னாடி, தார்ப்பாய் மறைப்புல உக்காந்தோம். பிள்ளைய என் மடில வாங்கிக்கிட்டேன். அவ தன் புருஷன் பக்கத்துச் செத்தவங்க பேரை ஒவ்வொண்ணா சொன்னா. மிசவேனி. அழுவுது. சாகானி. அழுவுது. அப்புறம் அவ அம்மா பக்கம். அதுக்கும் அழுவுது, குரலு மட்டும் கொஞ்சம் கொறைஞ்சிருந்துச்சு. பேரெல்லாம் தீந்துபோச்சு. அவ எழுந்து துணிய உதறினா, கட்டிக்கிட்டுக் கெளம்ப.

அப்பத்தான் நான் குனிஞ்சு அது காதுல என் பேரைச் சொன்னேன்.

யாரும் என்னைச் சொல்லச் சொல்லல. உசுரோட இருக்கறவங்க பேரையும் வெக்கறதுண்டு, தப்பில்ல. ஆனா அவ கேக்கல பாரு. நானாத்தான் சொன்னேன்.

நின்னுடுச்சும்மா. சத்தியமா. எர்மெலிந்தான்னேன், நின்னுடுச்சு. கண்ணைப் பாதி மூடிக்கிட்டு, கைய இப்படித் தொங்க விட்டுட்டு, அப்படியே கெடந்துச்சு. செலஸ்தே வாயப் பொத்திக்கிட்டு அழுவுறா. நானும் அழுதேன். அவ துணிய மடிச்சு வெச்சுட்டா. இனிமே எதுக்கு ஆஸ்பத்திரி, பேரு கெடைச்சுடுச்சேன்னா.  இல்ல, எதுக்கும் போய்ட்டு வான்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குச் சந்தோஷத்துல வாயே வரல.

வெள்ளிக்கிழமை முழுக்கத் தூங்கிச்சு. பாலு கேக்கல. நாலு நாள் அழுத அசதி, தூங்கட்டும்னேன். சனிக்கிழமை நாங்க கெளம்பினோம். கூரை மின்னுது, ஊரே பாடுது, கை தட்டுது, பாஸ்டர் முக்கா மணி நேரம் பேசறாரு. அந்தச் சத்தத்துலயும் அது முழிக்கல. பாரேன், எவ்வளவு சமத்துன்னு எல்லார்கிட்டயும் காட்டினேன். நேத்து ஞாயித்துக்கிழமை எங்க சர்ச்சுல எழுந்து நின்னு சாட்சி வேற சொன்னேன். ஊழியத்துக்குப் போன இடத்துல ஆண்டவர் எனக்கு ஒரு பேர்க்காரியக் குடுத்தாருன்னு. பேரு சொல்லிப் பாத்ததைச் சொல்லல. என் பெரியவ முன் வரிசைல தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அதையும் ரசிச்சேன்னு வெச்சுக்கோயேன்.

உன் பையில வெள்ளைக் கோட்டு மடிச்சு வெச்சிருக்கியே, ஏறும்போதே பாத்தேன். நர்ஸுதானே? அதான் இடம் மாறி இங்க வந்து உக்காந்தேன். முன்னாடி நல்ல சீட்டே இருந்துச்சு. உன்னை ஒண்ணு கேக்கணும். நாலு நாளா அழுத பிள்ளை, உடம்பு சுட்ட பிள்ளை, சட்டுனு அழுகைய நிறுத்தினா அது... இரு, இரு, இப்ப சொல்லாத. நான் முடிச்சுக்கறேன்.

இன்னைக்கு விடிஞ்சதும் செலஸ்தே போன் பண்ணா. நான் சமையக்கட்டுல இருந்தேன். டீ பொங்கி வழியுது, நிறுத்தக்கூடத் தோணல. என்னைத் திட்டுவான்னு நெனைச்சேன். திட்டல. நன்றி சொல்றா. அக்கா, நீங்க பேரு குடுத்ததால பிள்ளை வலியில்லாம தூங்கிட்டே போச்சு, நாலு நாளா பாடுபட்டது கடைசியா உங்க பேரைக் கேட்டுத்தான் அமைதியாச்சு, பேரில்லாத பிள்ளையா போகலன்னு சொல்றா. எத்தனை மணிக்கு வருவீங்கன்னு கேக்கறா. வெயில் தாழ அடக்கம். பேரு குடுத்தவ நான் வராம மண்ணு போட மாட்டாங்க. தச்சன் சிலுவை செஞ்சுட்டானாம், எர்மெலிந்தான்னு எழுதிட்டானாம்.

டப்பை என்ன பண்றதுன்னு தெரியல. வாங்கியாச்சு. வீட்டுல விட்டுட்டு வர மனசில்ல. கடைசியாக் குளிப்பாட்ட ஆகும்னு எடுத்துக்கிட்டேன்.

அவகிட்டச் சொல்லணுமா, வேணாமா? அந்தத் தோணி, அந்த மூணு மணி நேரம், நான் இருன்னு சொன்னது? சொன்னா அவளுக்கு அந்த ஒரு நிம்மதியும் போயிடும். சொல்லலன்னா அவ என் கையப் புடிச்சு நன்றி சொல்லுவா, நான் அதை வாங்கிக்கணும். நீ படிச்சவ. சொல்லு.

வேணாம்மா, சொல்லாத. உன் மூஞ்சி சொல்லிடுச்சு.

அந்தப் புளிய மரந்தான் என் ஸ்டாப்பிங். டிரைவரே, நிறுத்துய்யா! கொஞ்சம் நகரும்மா. நான் எறங்கிக்கறேன், டப்பை மட்டும் ஜன்னல் வழியா எடுத்துக் குடு. மெதுவா. தொப்பி விழுந்துடப் போவுது.