ஒத்தப் பிள்ளை பள்ளிக்கூடம்

மிஷினை நிப்பாட்டாண்டாம்க்கா, நீங்க தைங்க. நான் பாட்டுக்குப் பேசிட்டுப் போயிருதேன். காப்பியும் போட வேண்டாம், இப்பத்தான் குடிச்சேன். நெசமாத்தான்.

கோமதி எங்க? கரிவலத்துக்கா, பெரியம்மை வீட்டுக்கு? அண்ணாச்சி கூட்டிட்டுப் போயிருக்காகளா. சாயங்காலந்தான் வருவாளா. சரி, அதுவும் நல்லதுக்குத்தான். அவ முன்னால எனக்குப் பேச வராது.

இல்லக்கா, அவ ஒரு சேட்டையும் பண்ணல. சனிக்கிழமை அதுவுமா டீச்சர் வாசல்ல வந்து நிக்காளேன்னு பயந்துட்டியளா. படிப்புக்கு என்ன, மூணாங்கிளாஸ் பிள்ளை நாலாங்கிளாஸ் பாடத்தை கடகடன்னு வாசிக்கா. படிக்காம என்ன செய்வா? நாள் பூரா நான் அவ மூஞ்சியவே பாத்துக்கிட்டுல்லா உக்காந்திருக்கேன்.

நான் இந்த ஊருக்கு வந்த அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குச் சொன்னதே இல்லயே. எனக்கு திசையன்விளைப் பக்கம். சங்கரன்கோவிலுக்கு அதுக்கு முன்னால நான் வந்ததே கெடயாது. பஸ்ஸை விட்டு எறங்கி ஆட்டோக்காரர்ட்ட பள்ளிக்கூடத்துப் பேரச் சொன்னா, அதத்தான் மூடிட்டாகளே மேடம்ங்காரு. இல்லண்ணே, நான் அங்கன வேலைக்குச் சேர வந்திருக்கேன்னேன். அவரு என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, அப்போ இதாத்தான் இருக்கும்னு மெயின் ரோட்டுல ஒரு பெரிய கேட்டுக்கு முன்னால எறக்கி விட்டுட்டுப் போயிட்டாரு. அது வேற ஏதோ பிரைவேட் பள்ளிக்கூடம், வேனா நிக்கி. வாட்ச்மேன் எண்ட்ட, இன்டர்வியூ முடிஞ்சு போச்சு, அடுத்த வருசம் வாங்கம்மாங்காரு. மொத நாளே இப்படி. பெறவு கேட்டுக் கேட்டு நடந்து, ரதவீதியைச் சுத்தி, உங்க தெருவுக்குள்ள வந்து சேந்தேன். ஆனி மாசக் காத்து. சேலையப் பிடிக்கவா பையப் பிடிக்கவான்னு வந்தேன்.

ஹெட்மாஸ்டர் கணேசன் சார் கேட்டத் தொறந்து வச்சிக்கிட்டு நின்னாக. வாங்கம்மா, நாலு இருக்குன்னாக. எனக்கு நாலு வகுப்பு தருதாகன்னு நெனப்பு. உள்ள போயிப் பாத்தா நாலே நாலு பிள்ளைய.

சிரிங்கக்கா, சிரிக்கலாம். எனக்கும் அப்போ சிரிப்புத்தான் வந்துச்சு. வருத்தமெல்லாம் இல்ல. டீச்சர் ட்ரெய்னிங் முடிச்சிட்டு பதிமூணு வருசம் துணிக்கடையில பில்லு போட்டவக்கா நான். திருநெல்வேலியில, நின்ன கால்ல. ஆடித் தள்ளுபடி நேரத்துல ஒண்ணுக்குப் போகக்கூட சூப்பர்வைசர்ட்ட கேக்கணும். அப்படி இருந்துட்டு, ஒரு பிள்ளை எந்திரிச்சி நின்னு குட் மார்னிங் டீச்சர்ன்னு இழுத்துச் சொல்லுச்சுன்னா எப்படி இருக்கும். அது கோமதிதான். அன்னைக்கு ரெட்டைச் சடை போட்டு விட்டிருந்திய.

எங்கப்பா பேரு எபினேசர். அவரு பாஸ்டர்ட்ட சொல்லி, ஞாயித்துக்கெழம ஆராதனையில விஜிதாவுக்கு டீச்சர் வேலை கெடச்சதுக்கு ஸ்தோத்திரம்னு மைக்குல வாசிக்க வச்சிட்டாரு. இது தற்காலிக வேலைதாம்ப்பா, வருசம் முடிஞ்சா எம்பேர மறுபடி எழுதுவாகளோ மாட்டாகளோன்னு நான் சொன்னது அவரு காதுல ஏறவே இல்ல. ஊருல எல்லாரும் கையப் பிடிச்சிக் குலுக்குதாக. நானும் சிரிச்சுக்கிட்டே கையக் குடுத்தேன். வேற என்ன செய்ய?

அந்த வாரந்தான் சாரும் நானும் பிள்ளை சேக்க வீடு வீடா ஏறுனோம். வேன் வருதான்னு கேக்காக. இங்கிலீஷான்னு கேக்காக. டை உண்டான்னு ஒருத்தி கேட்டா. சார் வெயில்ல நிக்க முடியாம ஒரு கடை நெழல்ல ஒதுங்கிட்டாக, நான் மட்டும் ஏறி எறங்குதேன். ஒரு பிள்ளை தேறல. அப்படி வந்துதான் உங்க வாசல்ல நின்னேன். நெனவு இருக்கா? நீங்க இந்த மிஷின்ல நைட்டி தச்சுக்கிட்டு இருந்திய. இவளயும் இந்த வருசம் அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாத்தலாம்னு இருக்கோம், ரயில்வே கேட்டு தாண்டி இருக்கே கவர்மெண்டு பள்ளிக்கூடம், அங்கன்னு அண்ணாச்சி சொன்னாக. நான் உங்க கையப் பிடிச்சிக்கிட்டேன். எம்பிள்ளையப் போல பாத்துக்கிடுதேன்க்கா, எண்ட்ட விடுங்கன்னேன். நீங்கதான் அண்ணாச்சியப் பாத்து, டீச்சர் இவ்ளோ தூரம் கேக்காகல்லான்னு சொன்னிய.

அதுக்கு இல்லக்கா. நீங்க செஞ்சதுல தப்பே இல்ல. கேளுங்க.

மொத ரெண்டு மாசம் நல்லாத்தான் போச்சு. பெறவு சாருக்கு இன்னொரு பள்ளிக்கூடத்தையும் சேத்துப் பாக்கச் சொல்லிட்டாக, வாரத்துல ஒரு நாள் வந்து எட்டிப் பாத்துட்டுப் போவாக. அந்த அண்ணந்தம்பி ரெண்டு பேரு இருந்தானுவல்லா, அவனுவ அம்மை அய்யா திருப்பூருக்கு வேலைக்குப் போனப்ப கூடவே கூட்டிட்டுப் போயிட்டாக. தீவாளிக்கு மாமா வீட்டுக்குப் போன இசக்கிச்செல்வி அங்கனயே சேந்துட்டா. கோமதிக்கு அதுதான் பெரிய அடி. அவ போன அன்னைக்கு இவ அழல. பெஞ்சுல அவ உக்காருத எடத்தை விட்டுட்டு ஓரமா உக்காந்துக்கிட்டா. இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் உக்காருதா.

தெரியும்க்கா. ஒரு பிள்ளைக்கு ஒரு டீச்சர், எந்தப் பணக்கார வீட்டுல உண்டுன்னு நீங்க தெருவுல சொன்னது எங்காதுக்கும் வந்துச்சு. எனக்குக் கேக்கப் பெருமையாத்தான் இருந்துச்சு. வீட்டுல வந்தும் அவ நல்லாப் பேசுவா, டீச்சர் இதைச் சொன்னாக, அதைச் சொன்னாகன்னு. இல்லன்னு சொல்லல.

ஆனா காலையில பிரேயருக்கு அவ எப்படி நிப்பான்னு நீங்க பாத்ததில்லயே. ஒத்தையா வரிசையில நிப்பா. நின்னுட்டு ரெண்டு கையையும் முன்னால நீட்டி எடவெளி பாப்பா. முன்னால ஆளே கெடயாது. இருந்தாலும் ஒரு அடி பின்னால தள்ளி நின்னுக்கிடுவா. வகுப்புல கேள்வி கேட்டா கையத் தூக்கிட்டு, நான் பேரச் சொல்லுத வரைக்கும் காத்திருப்பா. உன்னைய விட்டா வேற யாரும்மா இருக்கா, சொல்லுன்னா, நீங்க கூப்பிடலையே டீச்சர்ம்பா. மத்தியானச் சோறு ஒரு பிள்ளைக்கு ஒல வைக்க முடியாதுன்னு வேற பள்ளிக்கூடத்துல இருந்து தூக்குச் சட்டியில வருது. சாப்பிட்டு முடிச்சிட்டு வெளாடணும்லா, நாந்தான் கூட ஓடுவேன். கல்லா மண்ணா வெளாடுவோம். எனக்கு மூச்சு வாங்கும். அவ பாவம், நான் பிடிக்கதுக்குத் தோதா மெதுவா ஓடுவா.

ஒரு நாள் நான் போன் பேசிட்டு உள்ள வாரேன். அவ என் நாற்காலி பக்கத்துல நின்னு பேரு கூப்பிடுதா. அந்தப் பயலுவ பேரு, இசக்கிச்செல்வி பேரு. கூப்பிட்டுட்டு அவளே ஒவ்வொருத்தர் குரல்லயும் உள்ளேன் டீச்சர்ங்கா. சின்னவனுக்கு மூக்கடைச்ச குரலு, அது அப்படியே வருது. நான் கதவுக்குப் பின்னாலயே நின்னுட்டேன். சிரிச்சுக்கிட்டே வெளாடுதான்னா பரவாயில்ல. அவ சிரிக்கல. கடைசியில அவ பேரு வந்துச்சு. அதுக்கு மட்டும் பதில் சொல்லல. எடத்துல போயி உக்காந்துக்கிட்டா.

இதை நான் சார்ட்ட சொன்னேன். பிள்ளைய அப்படித்தாம்மா வெளாடும்னாக. இந்த ஒண்ணையாவது கையில பிடிச்சு வச்சிக்கோங்க, அது இருக்க வரைக்கும் கதவு தொறந்திருக்கும், மே மாசம் உங்க பேர மறுபடி எழுதிருவோம்னாக. அவுக நல்ல மனுசந்தான், எனக்காகத்தான் சொன்னாக. நானும் பிடிச்சு வச்சிக்கிட்டுத்தான் இருந்தேன். காலையில அவ வார வரைக்கும் தெருவுல நின்னு பாப்பேன். காய்ச்சல்னு நீங்க போன் பண்ணா, பிள்ளைக்கு எப்படி இருக்குன்னு கேக்கதுக்கு முன்னால எப்போ வருவான்னுல்லா கேட்டுருக்கேன்.

ம். நீங்க ஒண்ணும் நெனைக்கலன்னு தெரியும். நீங்க நெனைக்க மாட்டிய.

போன மாசம் கலைத் திருவிழான்னு கூட்டிட்டுப் போனேன்லா, மாறுவேசத்துக்கு? பரிசு கெடைக்கல, ஆனா நல்லாச் செஞ்சான்னு உங்ககிட்ட சொன்னேன். அது பொய்க்கா. அவ மேடைக்கே போகல.

அந்த ரயில்வே கேட்டுப் பள்ளிக்கூடத்துலதான் நடந்துச்சு. அம்புட்டுப் பிள்ளையளயும் ஒண்ணாப் பாத்ததும் எஞ் சேலை முந்தியச் சுருட்டிப் பிடிச்சிக்கிட்டா. விடவே இல்ல. அங்கன ஷீலான்னு ஒரு டீச்சர், நல்ல டீச்சர், வெளாட விடுங்க, சரியாயிரும்னு சொல்லி அவுக வகுப்புப் பிள்ளையகிட்ட கூட்டிட்டுப் போனாக. அதுல ஜஸீமான்னு ஒரு பிள்ளை, வா வெளாடலாம்னு இவ கையப் பிடிச்சு இழுத்துச்சு. நான் தள்ளி நின்னு பாக்கேன். எல்லாரும் ஓடுதாக, இவளும் ஓடுதா. ஆனா ஜஸீமா கைய விடல. அந்தப் பிள்ளை உதறி உதறிப் பாக்கா, இவ ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டு நிக்கா. அந்தப் பிள்ளை வலிச்சு அழுதுருச்சு. எல்லாரும் ஒதுங்கிட்டாக. இவ நடுவுல நிக்கா.

ஆட்டோவுல வரும்போதும் எஞ் சேலை முந்தியப் பிடிச்சிக்கிட்டே வந்தா. உங்க தெரு மொனை திரும்பும்போதுதான், எங்காதுகிட்ட வந்து ரகசியமாக் கேட்டா. டீச்சர், நான் சரியா வெளாடுனேனான்னு.

பாடத்துல கேப்பால்லா, கணக்கு சரியான்னு, அந்த மாதிரியே கேக்கா. நீ சரியாத்தாம்மா வெளாடுனன்னு சொல்லிட்டேன்.

அன்னையில இருந்து நான் சரியா ஒறங்கல. நாங் குடுத்த வாக்கு வேற, நடந்தது வேற. எம்பிள்ளையப் போலன்னு சொன்னேன். எம்பிள்ளையா இருந்தா இப்படி வச்சிருப்பேனா.

அழாதிய. உங்களை அழ வைக்க வரல.

அவள அங்கன சேத்துருங்கக்கா. ஆமா, அந்த ரயில்வே கேட்டுப் பள்ளிக்கூடத்துலதான். அண்ணாச்சி தறிக்குப் போற வழிதானே, சைக்கிள்ல எறக்கி விட்டுட்டுப் போயிரலாம். ஷீலா டீச்சர்ட்ட பேசி வச்சிட்டேன், நடு வருசம்னாலும் சேத்துக்கிடுதேன்னு சொல்லிட்டாக. அங்க போனதும் சரியாயிருவான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். வகுப்புல நாப்பது பிள்ளைய இருக்கு. இவ பின்னால போயி உக்காந்துக்கிட்டா ஒருத்தரும் கவனிக்காமக்கூடப் போகலாம். படிப்பு கொறையும். ஆறு மாசத்துக்கு தெனமும் அழுதுட்டு வரலாம். எனக்கு ஒண்ணும் தெரியல. இங்க இருந்தா என்ன ஆவான்னு மட்டுந்தான் தெரியும்.

பாத்தியளா, நான் நெனச்சதையே சொல்லுதிய. உங்களுக்கு என்ன ஆகும் டீச்சர்ன்னு.

அதுக்குப் பயந்துதான்க்கா இம்புட்டு நாளும் வாயத் தொறக்கல. ஜூன்ல நான் கேட்டேன், நீங்க தந்திய. இப்பவும் நான் அங்கன உக்காந்திருந்தேன்னா, இவளக் கூட்டிட்டுப் போயிட்டா டீச்சர் வேலை போயிருமேன்னு யோசிப்பிய. பரீச்சை வரைக்கும் இருக்கட்டும்பிய. அண்ணாச்சியும் தலையாட்டுவாக. பெறவு நானும் சரின்னுருவேன். என்னைய எனக்குத் தெரியும்.

அதான் நேத்து சாயங்காலமே சாவியக் கொண்டு போயி சார் கையில குடுத்துட்டேன். திங்கக்கெழம அங்கன தொறக்க ஆள் வராது.

ஏசுனாகதான். ஏசிட்டு வாங்கிக்கிட்டாக.

கோமதி கேட்டான்னா, விஜிதா டீச்சருக்கு வேற ஊருல நெறைய பிள்ளைய கெடச்சிருக்காம்னு சொல்லுங்க. அவ நம்புவா. அவளுக்கு அது சந்தோசமாத்தான் இருக்கும்.